செங்கமலம் வாங்கிய காற்று

“நீங்க நடிச்சத யாராச்சும் நேர்ல பாத்திருக்காங்களா?”

வெண்குன்றம் பள்ளிக்கூட ஆண்டு விழாவில், முன்பல் இரண்டும் விழுந்திருந்த ஒரு சிறுமி எழுந்து நின்று செங்கமலத்திடம் இப்படிக் கேட்டாள். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். தலைமையாசிரியை ஓடி வந்து, “பெரியவங்ககிட்ட இப்படியெல்லாம் கேக்கக் கூடாதும்மா” என்று அவளை உட்கார வைத்தார். நடிகை செங்கமலமும் சிரித்துச் சமாளித்துவிட்டு, பரிசுகளைக் கொடுத்துவிட்டு, பொன்னாடைக்குப் பதிலாகத் தரும் கீரைக்கட்டு மரியாதையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள். கேள்வி மட்டும் மீன்முள்ளைப் போலத் தொண்டையில் நின்றுகொண்டது.

அன்று மாலையும் வழக்கம்போல நாடகம் இருந்தது. வழக்கம்போல அரங்கம் நிறைந்திருந்தது. வழக்கம்போல அந்த அரங்கத்தில் மூச்சு விடுகிறவர் ஒருவர்கூட இல்லை.

நிலவில் எல்லாம் கிடைக்கும், காற்றுதான் பஞ்சம். தென்துருவப் பள்ளத்துப் பனியை வெட்டி, உருக்கி, பிரித்து, குழாயில் ஏற்றி, வீடு வீடாக விடுவது காற்று வாரியத்தின் வேலை. படுக்கையறைக்குக் காற்று உண்டு. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் உண்டு. ஆட்டுக்கொட்டகைக்குக்கூட உண்டு, ஏனென்றால் ஆடு பால் தரும். நாடகம் பார்க்கிறவன் என்ன தருவான்? ஆகவே வெண்குன்றத்து நாடக அரங்கில் மேடையை மட்டும் கெட்டிக் கண்ணாடியால் அடைத்து, அதற்குள் காற்று விட்டிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முந்நூறு இருக்கைகளும் வெற்றிடத்தில் இருந்தன. அவற்றில் வந்து உட்காருபவை பதிலிகள்.

வீட்டுக்கு ஒரு பதிலி. ஆள் உயரம், அலுமினியத் தோல், வட்டமான இரண்டு கண்கள். எஜமானர் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் அவருக்குப் பதிலாக அது போய்வரும். கல்யாண வீட்டில் மொய் எழுதும். துக்க வீட்டில் தலையைக் குனிந்து உட்காரும். பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியையின் புகாரைக் கேட்டுக்கொள்ளும். நாடகத்துக்கு அனுப்பினால் முழுக்கப் பார்த்து, பிழிந்து, சாறு எடுத்து, வானலை வழியே வீட்டுக்கு அனுப்பிவிடும். இரண்டரை மணி நேர நாடகம், எஜமானர் ஒரு டம்ளர் காப்பி குடித்து முடிப்பதற்குள் அவர் மண்டைக்குள் இறங்கிவிடும். காதுக்குப் பின்னால் பதித்த சில்லுதான் அதற்கு வழி. கதையோடு அபிப்பிராயமும் சேர்ந்தே வரும். ‘மூன்றாம் காட்சியில் தாங்கள் கண் கலங்கினீர்கள்’ என்று அது சொன்னால், எஜமானர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

நாடகம் முடிந்ததும் பதிலிகள் எழுந்து நின்று கைதட்டும். அதுவும் எஜமானர் சார்பில்தான். வெற்றிடத்தில் ஓசை ஏது? அறுநூறு உலோகக் கைகள் சேர்ந்து பிரிவதைக் கண்ணாடிக்குள் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள் செங்கமலம். மீன்தொட்டிக்குள் இருக்கும் மீனுக்கு வெளியே நடக்கும் ஊர்வலம் எப்படித் தெரியுமோ அப்படி.

அன்றும் அப்படித்தான் தட்டின. அன்றுதான் முதல்முறையாக அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

சிறுமியின் கேள்விக்கு உண்மையான பதில் ‘இல்லை’ என்பதுதான். செங்கமலத்தைத் தெரியாதவர் வெண்குன்றத்தில் கிடையாது. நாற்பது படங்களின் கதாநாயகி. ஆனால் அவற்றில் ஒன்றில்கூட அவள் நடித்ததில்லை. பத்தொன்பது வயதில் படக் கம்பெனி அவளை ஒரு வெள்ளை அறைக்குள் நிறுத்தி உருவளப்பு எடுத்தது. சிரி என்றார்கள், சிரித்தாள். அழு, வெட்கப்படு, மாமியாரை முறை, பாம்பைப் பார்த்துப் பயப்படு என்றார்கள். எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்துவிட்டது. அதன் பிறகு கம்பெனிக்கு அவள் தேவைப்படவில்லை. அளந்து வைத்த உருவத்தை வைத்து அவர்களே படம் படமாக எடுத்துத் தள்ளினார்கள். சுவரொட்டியைப் பார்த்துத்தான் தனக்கு யாரோடு கல்யாணம் ஆகியிருக்கிறது என்று அவள் தெரிந்துகொள்வாள்.

பக்கத்து வீட்டுக்காரி வந்து, “நேத்து நீ செத்ததப் பாத்து எனக்குச் சோறே எறங்கலம்மா” என்பாள்.

“எந்தப் படத்துலக்கா செத்தேன்?” என்று கேட்பாள் செங்கமலம்.

சிறந்த நடிகை விருதுகூட ஒருமுறை வந்தது. அந்த வெள்ளக் காட்சியில் எப்படி நடித்தீர்கள் என்று மேடையில் கேட்டார்கள். வெள்ளம் என்றால் என்ன என்றே அவளுக்குச் சரியாகத் தெரியாது. “எல்லாம் உங்க ஆசீர்வாதம்” என்று சொல்லி இறங்கிவிட்டாள்.

பிறகு புதுமுகங்கள் வந்தார்கள். கம்பெனி அவள் உருவத்தை ஒரு கட்டைவிரல் அளவுச் சிமிழில் போட்டு, பூங்கொத்தோடு அவளிடமே திருப்பிக் கொடுத்தது. அன்று அவள் வருத்தப்படவில்லை. துள்ளிக் குதித்தாள், நிலவில் அது கொஞ்சம் உயரமாகவே போகும். இனிமேல் நானே நடிக்கலாம் என்று நேராக நாடக அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. நிலவின் இழுவை பூமியினுடையதில் ஆறில் ஒரு பங்குதான். வீசி எறிந்த வளையல் யோசித்து யோசித்துத்தான் தரைக்கு வரும். கண்ணீர் கன்னத்தில் சட்டென்று இறங்காமல் இமையிலேயே குண்டாக நிற்கும். கத்திக்குத்து வாங்கிச் சாய்ந்தால், சாய்ந்து முடிப்பதற்குள் குத்தியவன் பாதி வசனம் பேசிவிடலாம். செங்கமலம் அந்தத் தாமதத்தையே தன் கலையாக்கிக்கொண்டாள். அவள் மேடையில் இறந்து விழுவது ஒரு இலை உதிர்வது போலிருக்கும். அதை இத்தனை வருடமும் அலுமினியக் கண்கள் மட்டுமே பார்த்தன.

“அதுக்கு என்னக்கா இப்பம்? நான் பாத்திருக்கேன்லா?” என்றாள், அன்றிரவு அவள் புலம்பலைக் கேட்ட பேச்சியம்மாள். ஒப்பனை, உடை, மறந்த வசனத்தை எடுத்துக் கொடுப்பது, மேடைச் சத்தத்தைப் பதிலிகளுக்கும் அவற்றின் சாற்றை வீடுகளுக்கும் கடத்தும் வானலைப் பெட்டியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள்தான். தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து ராக்கெட் ஏறிய குடும்பம். பேச்சு மட்டும் இன்னும் தாமிரபரணியை விட்டுக் கிளம்பவில்லை.

“நீ எங்க பாத்த? பக்கத் திரைக்குப் பின்னாடி நின்னு என் முதுகைத்தான் பாத்த.”

“முதுகும் நல்லாத்தான் நடிக்குது. மூஞ்சிய விட அதுக்கு வயசும் கொறச்சலா தெரியுது.”

“வெளையாடாத பேச்சி. ஒரே ஒரு நாள். மனுஷங்க எதிர்ல உக்காந்திருக்கணும். நான் நடிக்கணும். அவங்க கைதட்டுற சத்தம் என் காதுல விழணும். அதுக்கப்புறம் நான் விழுந்தா எழுந்திரிக்காட்டியும் பரவால்ல.”

“எழுந்திரிக்காட்டி பொடவைய யாரு தொவைக்க? நாந்தான்” என்றாள் பேச்சி. ஆனால் அவள் முகம் மாறியிருந்தது. இந்த அம்மாள் ஒன்றை நினைத்துவிட்டால் விடமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை செங்கமலம் காற்று வாரியத்தின் படியேறினாள். காற்றதிகாரி திரவியம் அவளைக் கண்டதும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“மேடம்! நீங்க சொல்லியனுப்பினா நானே வந்திருக்க மாட்டேனா? உக்காருங்க, உக்காருங்க. உங்க ‘குடைக்காரி’ நாடகத்த நான் எத்தனை தடவை பாத்திருக்கேன்னு கணக்கே கிடையாது. அந்த மழைக் காட்சி இருக்கே! எனக்கு அப்படியே புல்லரிச்சுதாம்.”

“யார் சொன்னாங்க?”

“சொக்கன்தான். நம்ம பதிலி. ரொம்ப ரசனை உள்ளது மேடம்.”

செங்கமலம் தன் விருப்பத்தைச் சொன்னாள். திரவியத்தின் முகத்திலிருந்த ரசிகர் மெல்ல இறங்கிப் போய், அதிகாரி வந்து உட்கார்ந்தார்.

“அரங்கத்துக்குக் காத்தா? மேடம், அது பழங்காலத்துக் கட்டடம். சுவரெல்லாம் கசிவு. விட்ட காத்துல பாதிகூடத் திரும்பி வராது. அவ்வளவு காத்துக்கு நான் எங்க போவேன்?”

“எனக்குன்னு பூங்கா வீடு ஒதுக்கியிருக்கீங்கல்ல? அந்தக் காத்த எடுத்துக்குங்க.”

வெண்குன்றத்தில் உழைத்து ஓய்கிறவர்களுக்கு வாரியம் தரும் பெரிய மரியாதை பூங்கா வீடு. கண்ணாடிக் குவிமாடத்துக்குள் நிஜ மரங்கள், நிஜ மண், சாயங்காலமானால் விசிறிகள் கிளப்பிவிடும் தென்றல். குறுகிய அறைகளில் அளவோடு மூச்சு விட்டவர்கள், கடைசிக் காலத்தை அங்கே நெஞ்சு நிறைய இழுத்துவிட்டுக் கழிப்பார்கள். செங்கமலத்துக்கு அடுத்த வருடம் அங்கே குடிபோகும் முறை.

“அது உங்க ஆயுசுக்கும் வர்ற காத்து மேடம். ஒரே சாயங்காலத்துல முந்நூறு பேர் மூச்சு விட்டுத் தீத்துடுவாங்க.”

“தீக்கட்டும். அதுக்குத்தான கேக்குறேன்.”

செய்தி தெரிந்தபோது பேச்சி ஆடியே விட்டாள். “உங்களுக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? மாமரத்தடியில ஈசிச்சேர் போட்டுக் காலாட்டிக்கிட்டு கெடக்க வேண்டியவுக, அந்தக் காத்த ஊர்க்காரனுக்கு வாரி எறைக்குதீயளே! உங்க கூட வந்து அந்த மாமரத்துல ஊஞ்சல் கட்டணும்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

“ஊஞ்சல இங்க உத்தரத்துல கட்டிக்கோ.”

“கட்டுதேன். கட்டி உங்களத்தான் தொங்க விடுவேன்.”

ஊரில் வேறு பேச்சே இல்லை. நேரில் போய் நாடகம் பார்ப்பது என்பது பாட்டன் பூட்டன் சொல்லிக் கேட்டது. என்ன உடுத்துவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, பக்கத்தில் உட்காருகிறவரிடம் பேசலாமா கூடாதா, யாருக்கும் தெரியவில்லை. சந்தேகங்களைக் கேட்டுவரத் தங்கள் பதிலிகளைப் பேச்சியிடம் அனுப்பினார்கள். “மூச்சு விடத் தெரிஞ்சா போதும்னு சொல்லு போ” என்று ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினாள் அவள்.

அந்த நாள் வந்தது. மேடைக்கு முன்னிருந்த கண்ணாடியைக் கழற்றினார்கள். அரங்கத்துக்குள் காற்று சீறிக்கொண்டு நுழைந்தது. முந்நூறு பேர் பளபளக்கும் உடையில், குழந்தை குட்டிகளோடு வந்து அமர்ந்தார்கள். கூடவே வந்த பதிலிகளுக்கு உள்ளே இடமில்லை. அரங்கத்தைச் சுற்றி ஓடும் காற்றில்லாத நடைபாதைக்கு அவற்றை அனுப்பிவிட்டு வந்தார்கள், வாசலில் செருப்பை விடுவது போல. அந்த நடைபாதைச் சுவரில் கசிவு பார்ப்பதற்கான கண்ணாடிச் சாளரங்கள் வரிசையாக உண்டு. பதிலிகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, கையை நீட்டக்கூட இடமில்லாமல், சுவரை ஒட்டி நின்றன. வானலைப் பெட்டியை அணைக்க வேண்டும் என்று பேச்சிக்குத் தோன்றவில்லை. தினமும் போடுவதைப் பழக்கத்தில் அன்றும் போட்டிருந்தாள்.

திரை விலகியது. செங்கமலம் குடைக்கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு மேடைக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சத்தம்! எதிரிலிருந்து சத்தம் வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள்தான். ஆனால் அது இப்படி உடம்பில் வந்து மோதும் என்று தெரியாது. யாரோ தும்மினார்கள். ஒரு குழந்தை ‘ங்கா’ என்றது. பலகாரப் பொட்டலம் பிரிபட்டது. ஏலக்காயும் வியர்வையும் கலந்து ஒரு வாசனை வந்தது. மனித வாசனை. இத்தனை வருடம் சொன்ன முதல் வசனம் அவளுக்கு மறந்தே போனது.

“குடை வாங்கலியோ குடை” என்று பக்கத் திரையிலிருந்து முணுமுணுத்தாள் பேச்சி.

“குடை வாங்கலியோ, குடை!” என்றாள் செங்கமலம். நாடகம் பிறந்தது.

மழையே பெய்யாத ஊரில் குடை விற்கிற ஒருத்தியின் கதை அது. ஊரார் கேலி செய்வார்கள். அவள் காத்திருப்பாள். கடைசியில் மழை வரும். எல்லோரும் முண்டியடித்துக் குடை வாங்கிப் போவார்கள். அவளுக்கு ஒன்றும் மிஞ்சாது. நனைந்து, சிரித்துக்கொண்டே, அந்த மழையிலேயே விழுந்து போவாள். நிலவில் மழை பார்த்தவர் யார்? குடையைத்தான் யார் பார்த்தார்கள்? ஆனாலும் சாறாகக் குடித்து எல்லோருக்கும் கதை மனப்பாடம்.

மூன்றாம் காட்சியில்தான் அவள் உயிரே இருந்தது. மழை வருகிறதா என்று குடைக்காரி காது கொடுத்து நிற்கும் இடம். வசனம் கிடையாது. அசைவு கிடையாது. தூரத்தில் ஒரு துளி விழுகிறதா, இல்லையா என்று ஒரு முகம் தவிக்கும் தவிப்பு மட்டுமே. நீளமான காட்சி. சாற்றில் அது ‘மழை வருகிறது’ என்ற ஒரே வரி.

செங்கமலம் நின்றாள், கேட்டாள். அவள் முகத்தில் நம்பிக்கை வந்தது, போனது, மறுபடி வந்தது. அப்போது முன்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கி, இரண்டு விரல்களால் காற்றை இடமிருந்து வலமாகத் தள்ளினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு ஒரு வரிசை. பிறகு அரங்கமே விரல்களால் காற்றைத் தள்ளியது.

நமக்காக எல்லோரும் கையசைக்கிறார்களே என்று செங்கமலத்துக்கு உள்ளம் குளிர்ந்தது. பாத்திரத்தை விட்டு விலகாமல், லேசாகத் தலையைத் தாழ்த்தி ஏற்றுக்கொண்டாள். கைகள் இன்னும் வேகமாக ஆடின.

“என்ன பாசம் பாத்தியா பேச்சி?” என்று இடைவேளையில் கேட்டாள்.

பேச்சி அவள் முகத்துக்கு மாவு பூசிக்கொண்டே சொன்னாள்: “அது பாசம் இல்லக்கா. வீட்டுல படம் பாக்கும்போது இழுவையா இருந்தா விரலால தள்ளிவிட்டு அடுத்த சீனுக்குப் போவாவல்லா, அது. உங்களத் தள்ளிப் பாத்திருக்காவ. நீங்க நவுரல.”

செங்கமலத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “என்ன நவுத்த இவங்க விரல் போதாதுன்னு சொல்லு” என்றாள். இன்னும் கடைசிக் காட்சி இருக்கிறது, அதில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தாள்.

கடைசிக் காட்சியில் யாரும் விரலால் தள்ளவில்லை. எல்லோரும் மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மணிக்கட்டுப் படப்பெட்டியின் சிவப்புப் புள்ளிகள் இருட்டில் மின்மினியாக எரிந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒரு கண்கூடத் தெரியவில்லை. செங்கமலம் அந்தச் சிவப்புப் புள்ளிகளுக்காகவே நனைந்தாள், சிரித்தாள், இலையாக மிதந்து மிதந்து தரையில் வந்து விழுந்தாள். விளக்கு அணைந்து, மீண்டும் எரிந்தது. எழுந்து வந்து மேடையின் நடுவில் நின்று, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

முந்நூறு பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கோபமில்லை, வெறுப்புமில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைதட்டுவது இத்தனை தலைமுறையாகப் பதிலியின் வேலை. கல்யாண வீட்டில் அட்சதை போடுவதைப் போல, பெரிய கூட்டத்தில் எழுந்து நிற்பதைப் போல, யாரோ எங்கோ நமக்காகச் செய்துவிடுவது. அது தன் கையில் இருக்கும் காரியம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

முன்வரிசையில் திரவியம் மனைவியின் பக்கம் சாய்ந்தார். “முடிஞ்சிடுச்சா?”

“தெரியலையே. செத்துட்டாங்க, அப்புறம் எந்திரிச்சிட்டாங்க.”

“நல்லா இருந்துச்சா?”

“சொக்கன் இருந்தா சொல்லும்.”

பூங்கா வீட்டைக் கொடுத்து வாங்கிய காற்று, அந்தப் பேச்சை ஒரு எழுத்துக் குறையாமல் மேடைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. செங்கமலம் கூப்பிய கையை இறக்கவும் தெரியாமல் நின்றாள்.

அப்போதுதான் சுவர் அதிர்ந்தது.

முதலில் ஒரு மூலையில் ‘தட், தட்’ என்றது. பிறகு இடப்புறம் முழுக்க. பிறகு நாலு சுவரும் ஒன்றாக இடித்தன. கூரையிலிருந்து தூசி மெல்ல மெல்ல இறங்கியது. வெண்குன்றத்தில் தொட்டில் குழந்தைக்கும் சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு: சுவர் அதிர்ந்தால் விண்கல் மழை, சுரங்கத்துக்கு ஓடு.

“கல்மழை!” என்று யாரோ கத்தினார்கள்.

அவ்வளவுதான். முந்நூறு பேரும் தாவிக் குதித்து, ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் பறந்து, வாசலை நோக்கிப் பாய்ந்தார்கள். மணிக்கட்டுகள் மட்டும் அந்த ஓட்டத்திலும் படம் பிடித்தபடியே போயின. கண்மூடித் திறப்பதற்குள் அரங்கம் காலி. ஒரு பலகாரப் பொட்டலம் காற்றில் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது.

பேச்சி மேடைக்கு ஓடி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “யக்கா! நிக்கீயளே! வாங்க!”

செங்கமலம் நகரவில்லை. அவள் சாளரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாச் சாளரத்திலும் அலுமினிய உள்ளங்கைகள். நெருக்கடியில் இரண்டு கையையும் சேர்த்துத் தட்ட இடமில்லாமல், பதிலிகள் எதிரிலிருந்த சுவரில் தட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் பக்கம் காற்றில்லை. இந்தப் பக்கம் இருந்தது. அவை தட்டியது சுவரில் ஏறி, சுவரிலிருந்து அவள் வாங்கிய காற்றில் இறங்கி, அவள் காதுக்குள் வந்து விழுந்தது.

யாரும் அவற்றைத் தட்டச் சொல்லவில்லை. எஜமானர்களே உள்ளே இருந்ததால், அன்று சாறு பிழியும் கட்டளையும் இல்லை. பிழிந்து அனுப்ப வேண்டாத நாடகம் முதல்முறையாக முழுசாக அவற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது. அதை என்ன செய்வதென்று அவற்றுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

“கல்மழை இல்ல பேச்சி” என்றாள் செங்கமலம். “கேளு. கேட்டுக்கோ. இதுதான் அது.”

நாலு பக்கமும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டாள். கண்ணீர் இமையில் குண்டாக நின்றது. பேச்சி காதைப் பொத்திக்கொண்டு, “எனக்கு உசிரு போவுது, இவுக கும்பிடு போடுதாவ” என்று புலம்பினாள். ஆனால் ஓடவில்லை.

மறுநாள் காலை, பெரிய கீரைக்கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரவியம் செங்கமலத்தின் வீட்டுக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் பல்.

“மேடம்! நேத்து உங்க நாடகம் அபாரமாமே!”

செங்கமலம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்கதான் முன்வரிசையில இருந்தீங்களே?”

“இருந்தேன் மேடம். கடைசியில கல்மழை எச்சரிக்கைன்னு ஓட வேண்டியதாப் போச்சு. நல்லவேளை, வெறும் பயம்தான், ஒண்ணும் விழல. அந்தக் களேபரத்துல எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சரியாத் தெரியல. ஆனா படம் பிடிச்சு வெச்சிருந்தேன்ல? ராத்திரியே சொக்கன்கிட்டப் போட்டுக் காட்டிச் சாறு எடுத்துட்டேன். மேடம், நான் அழுதிருக்கேன்! மூணாம் காட்சியில அசையாம உக்காந்திருக்கேன்! கடைசியில ‘கைதட்டலில் அரங்கத்தின் நான்கு சுவர்களும் அதிர்ந்தன’ன்னு வந்திருக்கு. எல்லார் வீட்டுப் பதிலியும் அதையேதான் சொல்லியிருக்கு. நாங்க தட்டின தட்டு அப்படி!” அவர் தன் வலது உள்ளங்கையைத் தடவிக்கொண்டார். “இன்னும் வலி இருக்குன்னா பாத்துக்குங்க.”

பேச்சி வாயைத் திறந்தாள். செங்கமலம் அவள் காலை ஒரு மிதி மிதித்தாள்.

“உங்கள மாதிரி ரசிகர்கள் கிடைக்க நான் கொடுத்து வெச்சிருக்கணும்” என்றாள், இரண்டு கையையும் கூப்பி. குரல் தழுதழுத்தது. கண் பனித்தது. திரவியம் நெகிழ்ந்து போனார். வருடா வருடம் ஒரு நாள் வாரியமே இலவசமாகக் காற்று விடும், அன்று ஊரே நேரில் வரும், சாறு எடுக்க மட்டும் நல்ல படப்பெட்டிகளாகக் கூரையில் மாட்டச் சொல்லியிருக்கிறேன் என்று அறிவித்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் பேச்சி சொன்னாள்: “இப்பம் முன்னால இருந்து பாத்துட்டேன்க்கா. முதுகு ஒண்ணுமில்ல, மூஞ்சிதான் கெட்டிக்காரி.”

அன்று மாலை நாடகம் கிடையாது. நேற்றுப் பிடித்த படத்தைப் போட்டுப் போட்டு, தாங்கள் எப்படி ரசித்தோம் என்று சாறு எடுத்துக் குடிப்பதில் ஊரே மூழ்கியிருந்தது. அரங்கத்தின் காற்று விரிசல்கள் வழியே கசிந்து தீர்ந்திருந்தது. கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிட்டார்கள். உடைகளை மடித்து வைக்க இருவரும் மேடைக்கு வந்தபோது, பேச்சி திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்துவிட்டு அவள் முழங்கையைச் சுரண்டினாள்.

“யக்கா. மூணாவது வரிசையில ஒண்ணு உக்காந்திருக்கு.”

திரவியம் வீட்டுச் சொக்கன். மார்பில் வாரியத்தின் நீல முத்திரை இருந்ததால் அடையாளம் தெரிந்தது. முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு, மூடிய திரையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தது.

“இன்னைக்கு நாடகம் இல்லன்னு தெரியாதா அதுக்கு? யாரு அனுப்பினா?”

“யாரும் அனுப்பின மாதிரி இல்லையே. அனுப்பினா வானலையில வீட்டுப் பேரு வரும். பெட்டி சும்மா கெடக்கு.”

செங்கமலம் மடித்த புடவையை உதறினாள். “விளக்கப் போடு.”

“ஒத்த ஆளுக்கா?”

“போடு பேச்சி.”

அன்று அவள் எதையும் குறைக்கவில்லை. ஒவ்வொரு குடையையும் விரித்துக் காட்டினாள். மூன்றாம் காட்சியில் மழைக்காகக் காது கொடுத்து நின்றபோது, எப்போதும் நிற்பதைவிட அதிக நேரம் நின்றாள். எதிரில் இருந்த வட்டக் கண்கள் இரண்டும் அவளோடு சேர்ந்து காத்திருந்தன. ஒரு விரல்கூட அசையவில்லை. கடைசியில் அவள் இலையாக உதிர்ந்து, கிடந்து, எழுந்து வந்து கண்ணாடியருகே நின்றாள்.

சொக்கன் கைதட்டவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. நெடுநேரம் அப்படியே இருந்தது.

“சாறு அனுப்புதா?” என்று திரும்பாமலே கேட்டாள் செங்கமலம்.

பேச்சி பெட்டியைப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். “இல்லக்கா. ஒரு வரிகூடப் போவல. யாருக்கும் எதுவும் சொல்லல.”

சொக்கன் எழுந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றவளை ஒருமுறை பார்த்தது. பிறகு வரிசையை விட்டு வெளியே வந்து, காற்றில்லாத அரங்கத்தின் நடுவழியாக, ஒன்றும் சொல்லாமல் நடந்து போனது.